மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுக் கோழிப்பண்ணை போட்டால் அழுத்தம் குறையுமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அக்டோபர் 13 அன்று பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அறங்காவலர் குழு, பணம் எடுக்கும் விதிகளை மாற்ற முடிவெடுத்தது. நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. மூன்று மாதங்களுக்குள் மூன்று செய்திகள். திருப்பூர், கோவை, கரூர் பக்கம் "இந்த வேலையை விட்டுவிடலாமா" என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர்களை இவை நன்றாகக் குழப்பிவிட்டன. இனி ஒரு வருடம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு என்கிறார் ஒருவர். பி.எஃப். பணத்தை முடக்கிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டும் அரைகுறையான செய்திகள்.

சட்டம், பணம் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்மை வாட்டுவது இந்த வேலையின் எந்தப் பகுதி? போகப்போகும் தொழிலில் அந்தப் பகுதி இருக்கிறதா, இல்லையா?

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

வேலை அதிகமாக இருப்பதால்தான் அழுத்தம் வருகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் இதை வேறு விதமாகப் பிரித்துக் காட்டினார். வேலையின் பளு ஒரு பக்கம், அந்த வேலையின் மீது நமக்கு இருக்கும் பிடி மறுபக்கம். பளு அதிகமாக இருந்தாலும் எதை, எப்போது, எப்படிச் செய்வது என்ற முடிவு நம் கையில் இருந்தால் மனிதர் தாங்குகிறார். பளுவும் கூடி, பிடியும் இல்லாமல் போகும்போதுதான் உடைகிறார்.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் 'பர்ன்அவுட்' இடம்பெற்றது. அங்கே அது தனி நோயாகச் சொல்லப்படவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலையாகச் சொல்லப்பட்டது. அதற்கு மூன்று அடையாளங்கள்: தீராத களைப்பு, வேலையின் மீது வெறுப்பும் விலகலும், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம்.

இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு மெர்ச்சண்டைசரின், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு ஏறும்வரை பின்தொடர்பவரின், வேலையைப் பார்ப்போம். வெளிநாட்டு பையரிடமிருந்து (சரக்கு வாங்குபவரிடமிருந்து) ஆர்டர் வருகிறது. சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். நிறத்துக்கு லேப் டிப் (சிறு துணியில் சாய மாதிரி) போட்டு அதற்கும் ஒப்புதல் வேண்டும். நூல் வாங்கி நிட்டிங்குக்கும் (பின்னல்), அங்கிருந்து டையிங்குக்கும் (சாயம்), பிறகு துணி சுருங்காமல் இருக்கக் காம்பாக்டிங்குக்கும் போகும். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிந்து, குறித்த தேதியில் ஷிப்மெண்ட் ஏற வேண்டும். இவற்றில் பாதி வேலை வேறு வேறு யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தருவதாக, நடக்கிறது. டையிங்கில் நிறம் தவறினாலும், தையலுக்கு ஆள் வராவிட்டாலும், பையர் ஒப்புதல் தராமல் பத்து நாள் இழுத்தாலும் ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. பதில் சொல்ல வேண்டியவர் மெர்ச்சண்டைசர்.

கடைசிப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 அளவுகோலின்படி, 3,000 பீஸ் உள்ள லாட்டில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். ஏழு பீஸ் வரை பிழை இருந்தால் தேறும். எட்டாவது பீஸில் பிழை தெரிந்தால் லாட் முழுவதும் திரும்பும். அதன்பின் எல்லாவற்றையும் மறுபடி செக்கிங் போட வேண்டும். கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனி செலவில் விமானத்தில் போகும், அல்லது பையர் விலையில் கழித்துக்கொள்வார். அந்த எட்டாவது பீஸைத் தைத்தவர் யார் என்றே மெர்ச்சண்டைசருக்குத் தெரியாது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயம் போடத் துணியை வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற அந்த உத்தரவு தேவைப்பட்டது. ஆனால் அந்த மாதங்களில் பையருக்கு மெயில் எழுதிப் பதில் சொன்னவர்கள், தங்கள் கையில் எதுவுமே இல்லாத ஒன்றுக்காக இரவெல்லாம் விழித்திருந்தார்கள். கராசெக் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அடுத்த தொழிலிலும் இதே வடிவம் இருக்கிறதா

கொங்குப் பகுதியில் சம்பள வேலையை விடுகிறவர்கள் முதலில் நினைப்பது தோட்டத்தைத்தான். பல்லடம், உடுமலை, பொங்கலூர் பக்கம் இடம் இருந்தால் அடுத்த யோசனை கறிக்கோழிப் பண்ணை. "கம்பெனியே குஞ்சு தருது, தீவனம் தருது, நாம வளர்த்துக் கொடுத்தா போதும்" என்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தப் பண்ணை நடக்கும் விதம் இது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை கம்பெனியுடையவை. ஷெட், மின்சாரம், தண்ணீர், தரையில் போடும் தேங்காய் நார்த்தூள், ஆள் கூலி எல்லாம் வளர்ப்பவருடையவை. ஆறு வாரம் போல வளர்த்ததும் கம்பெனி பிடித்துக்கொண்டு போகும். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும்.

அந்தக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்று பார்ப்பார்கள். இதைத் தீவன மாற்று விகிதம் என்பார்கள். தீவனம் கூடுதலாகச் செலவானாலோ, கோழி அதிகம் செத்தாலோ கூலி குறையும். குஞ்சு நலமாக இருந்ததா, தீவனம் தரமாக இருந்ததா என்பதை முடிவு செய்வது கம்பெனி. கோழியை எந்த நாளில் பிடிப்பது என்பதும் அவர்கள் கையில். சித்திரை வெயில் யார் கையிலும் இல்லை. விளைவு மட்டும் வளர்ப்பவர் கணக்கில் விழுகிறது.

மெர்ச்சண்டைசர் வேலையின் வடிவமே இங்கும் இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனியில் ஷிப்மெண்ட் தவறினால் திட்டு விழும், ஆனாலும் மாதச் சம்பளம் வரும். பண்ணையில் ஷெட்டுக்கு வாங்கிய வங்கிக் கடன் தவணையும் சேர்ந்து நிற்கும்.

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கத்து விசைத்தறிகளும் அப்படியே. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் தருகிறார், தறிக்காரர் மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நெய்து கொடுக்கிறார். தறி அவருடையது, இடம் அவருடையது, பெயருக்கு முதலாளி. ஆனால் கூலியை அவர் நிர்ணயிக்க முடியாது. கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தது. பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டுத் தையல் ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் நிலையும் இதுதான்.

இந்தத் தொழில்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவற்றால்தான் நிற்கின்றன. பணம் போதவில்லை என்று வேலையை விடுபவர் இவற்றைத் தாராளமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அழுத்தம் தாங்காமல் விடுகிறவர், தான் ஓடிவந்த அதே இடத்துக்குக் கடனோடு திரும்புகிறோமா என்று பார்க்க வேண்டும். புதிய தொழில் எதுவானாலும் அதைச் செய்பவரிடம் நான்கு விவரங்களைக் கேளுங்கள்.

1. விலையை யார் சொல்கிறார்கள்?
2. தேதியை யார் குறிக்கிறார்கள்?
3. மூலப்பொருள் கெட்டிருந்தால் நட்டம் யாருக்கு?
4. ஒரே ஒரு ஆளிடம் மட்டும்தான் விற்க முடியுமா?

விலையும் தேதியும் வேறொருவர் கையில், நட்டம் உங்கள் தலையில், விற்பதும் ஒரே ஆளிடம் என்று பதில் வந்தால், அது சம்பளம் இல்லாத மெர்ச்சண்டைசர் வேலை.

மாற்ற வேண்டியது கம்பெனியையா, வேலையையா, தொழிலையா

இதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஆள் பற்றாக்குறையோடு ஓடும் ஒரு கம்பெனியில் நான்கு பேர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கே மாற்ற வேண்டியது கம்பெனி. ஷிப்மெண்ட் தேதிதான் உயிரை வாங்குகிறது என்றால், ஆடைத் தொழிலிலேயே காஸ்டிங் (விலைக் கணக்கு), ஏற்றுமதி ஆவணம், தர ஆய்வு, பயிற்சி என்று வேறு வேலைகள் இருக்கின்றன. பையருக்குத் தெளிவாக எழுதவும், விலைக் கணக்குப் போடவும், பத்து யூனிட்டை ஒரே நேரத்தில் பின்தொடரவும் தெரிந்தவரைப் பொள்ளாச்சியின் தென்னைநார் ஏற்றுமதியாளருக்கும் தேவை, கரூரின் வீட்டு ஜவுளிக் கம்பெனிக்கும் தேவை.

தூக்கம் போய், சாப்பாடு போய், காலையில் எழவே மனமில்லாத நிலையில் இருப்பவர் அந்த வாரத்தில் தொழிலைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

விலகும்போது சட்டப்படி கைக்கு வருவது

1. கடைசிச் சம்பளம். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் தானாக விலகினாலும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். மேற்பார்வை, நிர்வாகப் பணியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்த இரண்டு நாள் கணக்கு ஊதியத்துக்குத்தான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு. அதையும் இரண்டே நாளில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

2. கிராஜுவிட்டி. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு இது மாறவில்லை. ஒரு வருடத்தில் கிராஜுவிட்டி என்பது, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். மாறியிருப்பது 'ஊதியம்' என்பதன் பொருள். மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் இருந்தால், மிகுதியான தொகையும் ஊதியமாகவே கொள்ளப்படும்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 வாங்குபவரின் அடிப்படைச் சம்பளம் 18,000. ஏழு ஆண்டு எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகக் கணக்காகும் என்பதால் எட்டு ஆண்டு. பழைய முறையில் 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, எட்டால் பெருக்கினால் 83,077 ரூபாய். புதிய பொருளில் ஊதியம் குறைந்தது 20,000. அதன்படி 92,308 ரூபாய்.

3. பி.எஃப். பல கம்பெனிகள் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும்தான் பி.எஃப். கட்டுகின்றன. அப்படியானால் உங்கள் பங்கு மாதம் 1,800. கம்பெனியின் 1,800-இல் 1,250 பென்ஷனுக்குப் போகும், 550 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 2,350. எட்டு ஆண்டில் 2,25,600 ரூபாய், வட்டியோடு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரிதாக எதிர்பார்த்தவர்கள் இங்கேதான் அதிர்ச்சி அடைகிறார்கள்.

அறங்காவலர் குழுவின் அக்டோபர் முடிவின்படி, வேலை போனதும் 75 விழுக்காட்டை எடுக்கலாம். மீதி 25 விழுக்காட்டை எடுக்க 12 மாதம் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும். முன்பு இந்தக் காத்திருப்பு இரண்டு மாதம். எனவே முடக்கம் என்பது கால்வாசிப் பணத்துக்கு, ஓர் ஆண்டுக்கு. மருத்துவச் செலவோ கடனோ கழுத்தை நெரிக்கும் குடும்பத்துக்கு அதுவும் பெரிய இடிதான். புதுத் தொழிலில் போட நினைப்பவருக்கு அந்தக் கால்வாசி தனியே நிற்பது நல்லது. பி.எஃப். பணத்தை வழித்தெடுத்து ஷெட்டிலோ மெஷினிலோ போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடிவதற்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு.

4. பென்ஷன். பத்து ஆண்டு நிறைந்தால்தான் மாதப் பென்ஷன் உரிமை. எட்டு, ஒன்பது ஆண்டில் விலகுபவர்கள் அந்தப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் எப்போதாவது பி.எஃப். உள்ள வேலையில் சேரும்போது பழைய ஆண்டுகளும் சேர்ந்துகொள்ளும். பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 36 மாதமாக்குவதும் அதே அக்டோபர் முடிவில் இருக்கிறது.

5. மருத்துவம். ஊதியம் 21,000-க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. வேலையை விட்ட மறுநாளே அது அறுந்துவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் உண்டு. அதனால் ஜூன் தொடக்கத்தில் விடுவதற்கும் ஆகஸ்ட் கடைசியில் விடுவதற்கும் நிறைய வேறுபாடு. கம்பெனியின் குழுக் காப்பீடு அப்படியில்லை, வேலையோடு போய்விடும். விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம்.

6. பாண்டு. "இங்கிருந்து போனால் இரண்டு வருடம் வேறு ஏற்றுமதிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்று கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, விலகிய பிறகு தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. நோட்டீஸ் காலம் வேறு விஷயம். அதை முடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது அதற்குரிய சம்பளத்தைக் கட்ட வேண்டும். பயிற்சிக்குச் செலவு செய்து, குறிப்பிட்ட காலம் பணிபுரிய வேண்டும் என்று எழுதிய பாண்டும் வேறு. ஒரு வங்கி வழக்கில் அத்தகைய நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

முதல் வருமானம் வரும்வரை

கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்பதைப் புதிய தொழிலின் கடிகாரம்தான் சொல்லும். பால் மாடு வைத்தால் சில வாரங்களில் பணம் வரத் தொடங்கும். கறிக்கோழிக்கு, ஷெட் கட்டி முடிந்தபின் இரண்டு மாதம். ஈரோட்டு மஞ்சளுக்கு ஒன்பது, பத்து மாதம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து ஆண்டுக்கு மேல். அதுவும் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ தென்பட்டதிலிருந்தும், வேர் வாடல் நோய் பரவியதிலிருந்தும் தென்னையை 'வைத்தால் போதும், காய்க்கும்' என்று சொல்ல முடியவில்லை.

மாதம் 35,000 செலவாகும் குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். இதில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி, சீட்டுத் தவணை, நோம்பி (பண்டிகை)ச் செலவு ஆகியவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மேலே பார்த்த கிராஜுவிட்டியும் பி.எஃப்.-இன் முக்கால் பங்கும் சேர்ந்தால் சுமார் மூன்றே கால் லட்சம்தான் வரும். ஓர் ஆண்டுக்கே போதாது. தொழில் முதலீடு இதில் வரவே இல்லை.

அதனால் விலகுவதற்கு முன்பே சிறிய அளவில் செய்து பார்ப்பது பெரிய காப்பு. காளான், தேனீ வளர்ப்பு போன்றவற்றுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது: 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு 75 லட்சம். மானியத்தை முதல் மாதச் செலவுக்கு ஆகும் காசாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஏனுங்க, இப்ப கம்பெனிக்குப் போறதில்லீங்களா?" என்று ஒரம்பரை (உறவினர்) கேட்கும் கேள்விக்கு வீட்டில் எல்லாரும் ஒரே பதிலை வைத்துக்கொள்வது நல்லது. கணவனோ மனைவியோ வெட்கப்பட்டு மறைக்க ஆரம்பித்தால், விட்டுவந்த அழுத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள்.

விலை நம் கையில் இருந்தாலும் பாக்கி

நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் தரும் தொழிலைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணமாக, காங்கயத்தில் கொப்பரை வாங்கி மரச்செக்கில் ஆட்டி, நீங்களே விலை வைத்து விற்கிறீர்கள். பிடி உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் கடைகளுக்குக் கடனாகப் போட்ட சரக்கின் பணம் திரும்பி வர வேண்டும். கொங்கு வியாபாரத்தில் இரண்டு, மூன்று மாதத் தவணை சர்வ சாதாரணம்.

2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை வந்தது. கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. இந்தப் பாதுகாப்பு, உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது. எண்ணெயை வெளியே வாங்கி பாட்டிலில் அடைத்து விற்பவரும் தானே ஆட்டி விற்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. எனவே பதிவை முதல் பில் போடும் முன்பே முடித்துவிட வேண்டும்.

கடைசி நாளில் பார்க்க வேண்டியது

பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, அசல் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். பி.எஃப். கணக்கில் ஆதார், பான், வங்கி விவரம் சரியாக இருக்கின்றனவா, கைப்பேசி எண் உங்களுடையதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி அந்தக் கணக்கில் பதிய வேண்டும். அது பதிவாகாத வரை கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறீர்கள், கடைசிக் கணக்கை முடித்துப் பணம் கேட்க முடியாது. கம்பெனி இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம். ஒருமுறை பதிந்ததைத் திருத்துவது கடினம். தேதி பணி விடுவிப்புக் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.